ஒரு ஆள் குறையுது

இது நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, ஜூலை மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நேரம் பகல் ஒன்று நாற்பத்தைந்து. பேய் என்றால் இருட்டில்தான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த நினைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாசியுங்கள். இது பட்டப்பகலில் வந்தது. ஐம்பத்து மூன்று பெண்கள் நெய்ச்சோறு சாப்பிட உட்கார்ந்திருந்த வீட்டுக்குள் வந்தது. வந்து, இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போனது.

கட்டுக்கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று அந்தச் சஹன் தட்டில் கை வைத்த ஐந்து பேரில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மூவரிடமும் நானே போய்க் கேட்டேன். இரண்டு பேர் முகம் மாறி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. மூன்றாவது ஆள் றஹ்மா. இதைச் சொன்னவள் அவள்தான்.

ஊரின் பெயரைக் கண்டல்முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. திருகோணமலையிலிருந்து வந்து, பாதை என்று சொல்லும் மிதவையில் கிண்ணியா ஆற்றைக் கடந்து, களப்போரமாக மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடந்தால் வரும் ஊர். றஹ்மாவின் வாப்பா அலியார் அங்கே பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். பள்ளிவாசல் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. வயல் இருந்தது, இரண்டு வள்ளம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கவுரவம் இருந்தது. அதைத்தான் அவர் காலையில் எழுந்தவுடன் முதலில் தொட்டுப் பார்ப்பார் என்று றஹ்மாவே சொல்லிச் சிரித்தாள்.

ஊரின் ஓரத்தில் ஒரு ஓடை. ஓடைக்கு அப்பால் மூன்று ஓலை வீடுகள். அவர்கள் ஒஸ்தா குடிகள். ஆண்கள் முடி வெட்டுவார்கள், சுன்னத்து வைப்பார்கள். பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பார்கள், மவுத்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவார்கள். அதே பள்ளிவாசல்தான், அதே தொழுகைதான். தொழும்போது தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் சோறு என்று வந்தால் மட்டும் ஓடை குறுக்கே ஓடும்.

அந்தப் பக்கத்து விருந்தைக் காணாதவர்களுக்குச் சஹன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோறு, இறைச்சி, பொரியல், அச்சாறு. சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். முதலாளியும் கூலியாளும் ஒரே தட்டில் இருப்பார்கள். ஆனால் ஒஸ்தா இருக்க முடியாது. அவர்களுக்குப் பின்வாசலில், வாழையிலையில் கட்டிக் கொடுப்பார்கள்.

மருத்துவிச்சி ஆமினா உம்மா அந்த மூன்று வீடுகளில் ஒன்றில் இருந்தவர். அறுபது வயது இருக்கும். பிள்ளை பிறந்தவுடன் விரலைச் சீனித் தண்ணீரில் தொட்டு அதன் வாயில் வைப்பார். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் இந்த உலகத்தில் முதலில் ருசித்தது அவருடைய விரலைத்தான். அந்த விரலைச் சப்பி வளர்ந்த ஊர், அது தன் சஹனுக்குள் வரக்கூடாது என்றது. எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. சரி, கதைக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் றஹ்மாவுக்குத் தலைப்பிரசவம். மூன்று நாள் வலி. கச்சான் காற்று பேயாட்டம் ஆடியது. பாதை கரையில் கட்டிக் கிடந்தது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. புருஷன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி வேலையில், அக்கரையில் அகப்பட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் காலை றஹ்மாவுக்குக் கண் செருகத் தொடங்கியது. அவள் ஆமினா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, என்னையும் புள்ளையையும் காப்பாத்தித் தாங்க. என்ன கேட்டாலும் தாறன்."

நாற்பது வருஷத்தில் ஆமினா உம்மா யாரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்டவரல்ல. அன்று கேட்டார். கண்ணை மூட விடாமல் வைத்திருக்கத்தான் கேட்டாரோ, மனதில் கிடந்ததைத்தான் கேட்டாரோ தெரியாது.

"எனக்கு ஒண்டும் வேணாம் மவள். நாப்பதண்டைக்கு உன்ட சஹன்ல எனக்கு ஒரு இடம் தருவியா?"

"தருவன் மாமி. வயித்துல கிடக்கிற இந்தப் புள்ள மேல சத்தியம்."

அல்லாஹ்வைத் தவிர வேறொன்றின் மேல் அப்படிச் சத்தியம் செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். உயிர் போகிற நேரத்தில் யார் சட்டம் பார்ப்பார்கள்? கால் மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. லைலா என்று பெயர் வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் விருந்துக்குக் கணக்குப் போட்டபோது பெண்கள் பக்கத்துக்கு ஒன்பது சஹன், ஐம்பத்து நான்கு பேர் என்று வந்தது. அதில் ஆமினா உம்மாவையும் றஹ்மா சேர்த்திருந்தாள். அலியாருக்கு இது தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாத ஆளுக்குத்தான் எப்போதும் பயப்பட வேண்டும்.

"ஒஸ்தாச்சி சஹன்ல இரிந்தா, உன்ட மாமியாக்கள் எழும்பிப் போவாங்க. நாளைக்கி என்ட முகத்துல ஆரும் முழிக்க மாட்டாங்க. விளங்குதா?"

"வாப்பா, நான் புள்ள மேல சத்தியம் செஞ்சனான்."

"வலியில செல்லுற கதையெல்லாம் சத்தியமா?"

அவ்வளவுதான். ஆமினா உம்மாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய சோற்றை எடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஒன்பது சஹன் ஒன்பது சஹனாகவே இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. ஆமினா உம்மா வழக்கம்போல் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தார். வசம்பு அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். றஹ்மாவின் உம்மா நஜ்முன் நிஸா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"நாளைக்கி நீங்க வர வேணாம் ஒஸ்தா மாமி. சாப்பாட்ட வீட்டுக்கு அனுப்பி வைக்கிறம்."

ஆமினா உம்மாவின் கை நின்றது. அவர் நஜ்முன் நிஸாவைப் பார்க்கவில்லை. றஹ்மாவைப் பார்த்தார்.

றஹ்மா தரையைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் சொன்ன சொல் சொன்னதுதான்' என்று சொல்லியிருக்கலாம். குறைந்தது அழுதிருக்கலாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த இடத்துக்கு வரும்போது றஹ்மா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்று அவள் தரையைத்தான் பார்த்தாள்.

"அதுக்கென்ன மவள்" என்றார் ஆமினா உம்மா. பிள்ளைக்குத் துணி சுற்றினார், ஏணைக்குள் போட்டார், இரண்டு தரம் ஆட்டினார், போய்விட்டார்.

நான்கு இருபதுக்குப் பிள்ளை அழுதது. றஹ்மா பால் கொடுக்கப் போனாள். பிள்ளை முகத்தைத் திருப்பியது.

பசியில்லை என்று நினைத்தாள். ஆறு மணிக்கு மறுபடி கொடுத்தாள். குடிக்கவில்லை. எட்டு மணிக்குக் குடிக்கவில்லை. சங்கில் சீனித் தண்ணீர் வார்த்தார்கள். வார்த்ததெல்லாம் கடைவாயால் வழிந்தது. லெப்பையைக் கூப்பிட்டு ஓதிப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றில் உப்புசம் இல்லை. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் றஹ்மா ஒருத்திக்குத்தான் விளங்கியது. பிள்ளை மேல் செய்த சத்தியத்தை மீறியவள் அவள். விலை பிள்ளையிடமிருந்து எடுக்கப்படுகிறது.

ஞாயிறு விடிந்தது. நாற்பதாம் நாள் குளிப்புக்கு மருத்துவிச்சி வர வேண்டும். சாப்பாட்டுக்குத்தான் வேண்டாம் என்றார்கள், குளிப்புக்கு யார் வேண்டாம் என்றது? ஒன்பது மணி வரை பார்த்தார்கள். வரவில்லை.

"கோவம் போல" என்றார் நஜ்முன் நிஸா. தானே பிள்ளையைக் குளிப்பாட்டினார். ஓடைக்கு அப்பால் ஓர் ஆளை அனுப்பிப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

றஹ்மா ஒரு தரம் எழுந்தாள். "நான் போய் மாமியக் கூட்டிட்டு வாறன்" என்றாள். வாசலில் வாப்பா நின்றார். "விருந்து முடியட்டும்" என்றார். அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது. அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளையின் உதடு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அழுகைகூட இப்போது பூனைக்குட்டி முனகுவது போலத்தான் வந்தது.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் வெளிப் பந்தலில் சாப்பிட்டார்கள். ஒன்றரை மணிக்குப் பெண்களுக்குச் சஹன் வைத்தார்கள். எட்டுச் சஹன் மண்டபத்தில். ஒன்பதாவது, பிள்ளை பெற்றவளின் சஹன், உள்ளறையில். வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சஹன். சுற்றிவர றஹ்மா, அவளுடைய மாமியார், மாமியாரின் தங்கைமார் இருவர், துறையடி முதலாளியின் பெண்சாதி.

ஐந்து பேர்.

ஆறாவது இடம் றஹ்மாவுக்கு நேர் எதிரே வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்துக்குப் பின்னால் பிள்ளையின் ஏணை தொங்கியது.

சஹனில் ஆறு பேர் நிரம்பாமல் கை வைக்கும் வழக்கம் இல்லை. குறைந்தால் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவார்கள். முற்றத்தில் நிற்கிறவர், தெருவில் போகிறவர், யாராக இருந்தாலும் வந்து உட்காரலாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அழகான வழக்கம்தான். அந்தச் சத்தம் தங்களுக்கல்ல என்று ஒஸ்தா குடிகளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

நஜ்முன் நிஸா பின்வாசலுக்குப் போனார். வெயிலில் கண் கூசியது. வழக்கப்படி, யோசிக்காமல், வெளியே பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்க ஒரு ஆள் குறையுது! ஆராவது வாங்கோ!"

பின்வாசலுக்கு மேலே தொங்கிய சுவர் மணிக்கூடு ஒன்று நாற்பத்தைந்து காட்டியது. றஹ்மா நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. அந்த வாசலால் ஒருவரும் உள்ளே வரவில்லை. றஹ்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நஜ்முன் நிஸா சற்று ஒதுங்கி வழி விட்டார். பிறகு திரும்பி, "சரி, ஆள் வந்திட்டாங்க. பிஸ்மி செல்லித் தொடங்குங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

மாமியார் றஹ்மாவைப் பார்த்தார். "ஆர் வந்தது?"

றஹ்மா எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

கை கழுவ ஜெஸீமா வந்தாள். றஹ்மாவின் மச்சாள், பதினாறு வயது. ஒரு கையில் கெண்டி, மறு கையில் கழுவிய தண்ணீர் விழும் படிக்கம். ஒவ்வொருவராகக் கை நீட்ட, கெண்டியால் தண்ணீர் வார்த்தாள். மாமியார். தங்கை. மற்றத் தங்கை. முதலாளியின் பெண்சாதி. றஹ்மா.

பிறகு வெறும் இடத்தடியில் போய்க் குனிந்தாள். வார்த்தாள்.

ஐந்து பேருக்கும் கேட்டது. வெறும் தண்ணீர் படிக்கத்தில் விழுந்தால் ஒரு சத்தம். கையில் பட்டு விழுந்தால் வேறு சத்தம்.

கையில் பட்டு விழுந்தது.

"ஏ புள்ள... ஆருக்கு ஊத்துறாய்?" என்றார் முதலாளியின் பெண்சாதி.

ஜெஸீமா நிமிர்ந்தாள். எதிரே பார்த்தாள். முகம் வெளுத்தது.

"கை நீட்டினாங்களே, மாமி..."

கெண்டியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள்.

"பொட்டைக்கி வெயில் பட்டிட்டு" என்றார் மாமியார். பெரிய வீட்டு விருந்து. வேறு என்ன செய்வார்? பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

றஹ்மாவும் வைத்தாள். சோறு சூடாக இருந்தது.

சஹனில் அவரவர் தமக்கு முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். எட்டிக் கை போடக்கூடாது. ஐந்து கைகள் ஐந்து பக்கம் குழி தோண்டின. ஆறாவது பக்கம் குவியலாக நின்றது.

நின்றது...

பிறகு ஒரு பருக்கை உருண்டது.

இன்னொன்று.

காற்று என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

அப்போது வாசம் வந்தது. நெய் வாசம் இல்லை, இறைச்சி வாசம் இல்லை. அரைத்த வசம்பு. நாற்பது நாளாக அந்த அறைக்குள் தினமும் வந்து போன வாசம்.

ஆறாவது பக்கச் சோற்றில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. விரல் வைத்து வழிக்கிறது போல... மெதுவாக... வெட்கப்பட்டுச் சாப்பிடும் ஆளைப் போல.

குழி ஆழமானது.

முதலாளியின் பெண்சாதிதான் முதலில் கண்டார். அவருடைய கை அந்தரத்தில் நின்றது. வாயிலிருந்த சோறு மடியில் விழுந்தது.

"கை..." என்றார். "ஆறு கை..."

நான்கு பேரும் எழுந்தார்கள். சீலை தடுக்கி ஒருவர் விழுந்தார். விழுந்தவரை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள்.

றஹ்மாவும் பாதி எழுந்தாள்.

அப்போது ஏணை ஆடியது.

ஒரு தரம். இரண்டு தரம். கயிறு உத்தரத்தில் உராய்ந்தது. கிறீச்... கிறீச்...

பிள்ளையின் முனகல் நின்றது.

அறை முழுக்க அமைதி. பிறகு ஏணைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம்.

ச்சப்... ச்சப்... ச்சப்...

இருபத்தொரு மணி நேரமாக வாய் திறக்காத பிள்ளை எதையோ சப்பிக்கொண்டிருந்தது.

ஓடினால் பிள்ளை அங்கே. பிள்ளையைத் தூக்க வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும்.

றஹ்மா உட்கார்ந்தாள்.

சோற்றில் கை வைத்தாள். நடுவிலிருந்த இறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்தாள். எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தாள். மதிப்பான விருந்தாளிக்கு அப்படித்தான் வைக்க வேண்டும்.

"சாப்பிடுங்க மாமி."

ஏணை நின்றது.

துண்டு அசைந்தது. பிறகு அது அங்கே இல்லை.

அவள் சாப்பிட்டாள். எதிர்ப்பக்கமும் குறைந்தது. அவள் ஒரு பிடி. அங்கே ஒரு பிடி. கண்ணீர் சோற்றில் விழுந்தது. தலை நிமிரவில்லை. ஒரே ஒரு தரம் நிமிரப் பார்த்தாள். எதிரே ஒரு வெள்ளைச் சீலையின் கரை தெரிந்தது.

உடனே குனிந்துகொண்டாள்.

இரண்டு மணி பத்து நிமிடம். அந்தப் பக்கம் தட்டுத் தெரிந்தது. வசம்பு வாசம் விலகியது.

அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கினாள். மார்பில் வைத்தாள். லைலா பால் குடித்தது. மூச்சு விடாமல் குடித்தது. கண்டல்முனையில் பாதி ஊர் வாசலில் கூடி நின்று பார்த்தது. உள்ளே கால் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

அலியார் மட்டும் வந்தார். மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வெற்றுச் சஹனைப் பார்த்தார்.

"ஆர் வந்ததெண்டு நினைக்கிறாய்?"

"ஆமினா மாமி."

"அவதான் சுபஹோட மவுத்தாப் போனாளே..."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது விளங்கியது. றஹ்மா அவரையே பார்த்தாள்.

"வாப்பா... உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். ஆமினா உம்மாவின் மகள் அசனா காலை ஏழரைக்கே வந்திருக்கிறாள். மையித்தைத் தூக்கும் சந்தூக்கும் கபன் துணியும் கேட்டு, மரைக்காரிடம் வந்திருக்கிறாள். விடியற்காலை சுபஹு பாங்கு சொல்லும் நேரம் உயிர் பிரிந்தது, முந்திய நாள் பின்னேரம் வந்து படுத்தவர் பிறகு எழும்பவில்லை என்று அழுதிருக்கிறாள். அவர் அவளைப் பின்வாசலிலேயே நிறுத்தி, திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்போது விருந்துக்கு அடுப்புகூட மூட்டவில்லை.

"விருந்த வச்சிக்கிட்டு என்ன செய்யச் செல்றாய்? பின்னேரம் அஸருக்குப் பொறகு அடக்கலாம், அதுவரைக்கும் ஆருக்கும் செல்லாத எண்டு செல்லி அனுப்பினன்."

மையித்தை நேரத்தோடு அடக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்குச் சொல்கிற மனுஷன். அவருடைய மகளின் விருந்து முடியும்வரை அந்த உடல் ஓலைக் குடிசையில் காத்துக் கிடந்தது.

அலியார் கதவுவரை போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் பயந்திருப்பதை றஹ்மா அன்றுதான் முதல் தடவையாகக் கண்டாள்.

"ஒண்டு கேளு. ஜின் ஏதோ விளையாடிச்சு எண்டு செல்லுவம். வந்தது ஒஸ்தாச்சி எண்டு மட்டும் வாய் திறக்காத. அவவோட ஒரே சஹன்ல கை வச்ச கதை வெளிய போனா, அந்த நாலு வீட்டுக்காரரும் என்ன செய்வாங்க தெரியுமா?"

அவர் பயந்தது அதற்குத்தான்.

றஹ்மா கதவைத் திறந்து, வெளியே நின்ற ஜெஸீமாவிடம் பிள்ளையைக் கொடுத்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாப்பாவைத் தாண்டி நடந்தாள். நாற்பது நாள் கழித்து அவள் வெளியே வைத்த முதல் அடி ஓடைக்குத்தான். முழங்கால் அளவு தண்ணீர். கடந்து போனாள்.

மூன்று மணி இருக்கும். குடிசைக்குள் அசனா தனியாக இருந்தாள். ஊரில் மவுத்தான பெண்களை எல்லாம் குளிப்பாட்டிய ஆமினா உம்மாவைக் குளிப்பாட்ட ஊரிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. தெரியாது என்று பிறகு சொன்னார்கள். சிலருக்குத் தெரிந்திருந்தது.

இலந்தை இலை போட்டுச் சுடவைத்த தண்ணீரை றஹ்மா வார்த்தாள். அசனா தேய்த்தாள். தலை, தோள், இடது கை. பிறகு வலது கை.

அசனா நின்றாள்.

"இதென்ன ராத்தா..."

வலது கை விரல்கள் நெய்யில் மினுங்கின. விரலிடுக்கில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. பருக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

"காலையில நான்தான் ரெண்டு கையையும் நீட்டி வச்சு மூடினனான். இந்த வீட்டுல நேத்து மத்தியானத்துக்குப் பொறகு அடுப்பே எரியல்ல."

றஹ்மா குனிந்தாள். அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக் கழுவினாள். ஒன்றுக்கு மூன்று தரம் கழுவினாள். நெய் வாசம் போகவில்லை.

பள்ளிவாசலிலிருந்து அதற்குள் கபன் துணி மட்டும் வந்து சேர்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து உடுத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. வெளியே சந்தூக்கைத் தூக்கிவரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அசனா கேட்டாள். கேட்கலாமா என்று வெகுநேரம் யோசித்தவள் போலத் தயங்கிக் கேட்டாள்.

"ராத்தா, இண்டைக்கி உங்கட வீட்டுல ஆராவது எங்கட உம்மாவச் சாப்பிடக் கூப்பிட்டவங்களா?"

"ஏன் கேக்கிறாய்?"

"லுஹர் பாங்கு செல்லி ஒண்டரை மணி நேரம் இரிக்கும். உம்மாவுக்குப் பக்கத்துல இரிந்து ஓதிக்கிட்டிருந்தன். தாடையத் துணியால இறுக்கிக் கட்டியிருந்தன், வாய் திறக்க ஏலாது. ஆனா அவட குரல்தான்... 'வாறன்' எண்டு செல்லிச்சு. ஒரே ஒரு தரம்."

பன்னிரண்டேகாலுக்கு லுஹர் பாங்கு. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம். றஹ்மா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தைந்து.

"எப்படிச் சொன்னாங்க?"

"சந்தோசமாச் சொன்னா. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி."

ஒருவரும் ஆமினா உம்மாவைக் கூப்பிடவில்லை. வெறும் முற்றத்தைப் பார்த்து யாரோ ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? றஹ்மா அசனாவின் முகத்தைப் பார்த்தாள். முந்திய நாள் போலத் தரையைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றாள். "கூப்பிட்டம்."

அசனாவுக்கு அழுகை உடைந்தது. தாயின் காதருகே குனிந்தாள்.

"உண்மையாக் கூப்பிட்டவங்களாம், உம்மா."